எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆண் ஸ்கேட்டர் யார்: ஹன்யூ பட்டியலுக்கு ஒரு மறுப்பு

பனிக்கத்தி:

நேத்து இங்கே எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆண் ஃபிகர் ஸ்கேட்டர்கள்னு ஒரு பட்டியல் வந்துச்சு. 1. யுசுரு ஹன்யூ, 2. டிக் பட்டன், 3. நேதன் சென், 4. எவ்ஜெனி பிளஷென்கோ, 5. இலியா மலினின். வரிசை அவங்கவங்க இஷ்டம், போகட்டும். ஆனா ஹன்யூவுக்கு முதலிடம் தர்றதுக்குச் சொன்ன முதல் காரணத்தைப் படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு: "ஒலிம்பிக்கில் உலகின் முதல் குவாட் ஆக்சலைச் செய்து காட்டியவர்."

செய்யலை. (குவாட்னா காத்துல நாலு சுற்று; ஆக்சல்ல அரைச் சுற்று கூட.) 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் ஃப்ரீ ஸ்கேட்ல (ஷார்ட்டுக்கு அப்புறம் வர்ற நீளமான ரெண்டாவது ஆட்டம்) முதல் ஜம்ப்பா முயற்சி பண்ணினார், சுற்று குறைஞ்சுது, விழுந்தார். புள்ளித்தாள்ல அந்த ஜம்ப்புக்குப் பக்கத்துல '<' குறி இருக்கு. கால் சுற்றுக்கு மேல, அரைச் சுற்றுக்குள்ள குறைஞ்சா போடற குறி அது. கணக்கைப் பாருங்க. குவாட் ஆக்சலோட அடிப்படை மதிப்பு 12.5. '<' விழுந்தா அதுல 80 சதவீதம்தான், அதாவது 10. விழுந்ததுக்குத் 'தர மதிப்பெண்' (ஜம்ப் எவ்வளவு நேர்த்தியா வந்துச்சுங்கிறதுக்கு, ஒரு படிக்கு 10 சதவீதம்) மைனஸ் 5, அது பாதியைத் தின்னுடும். மிச்சம் 5. விழுந்த அபராதம் தனியா 1. கையில நிக்கிறது 4 புள்ளி. டபுள் ஆக்சலோட அடிப்படை 3.3. அதை ஒழுங்கா செஞ்சு பிளஸ் 3 வாங்கினாலே 4.29.

டபுள் ஆக்சலைவிடக் கம்மியா வாங்கின ஜம்ப்பை வச்சு ஒருத்தருக்கு முதலிடம் தர்றீங்க. பேஷ்.

போட்டியில முதல் குவாட் ஆக்சல்: இலியா மலினின், 2022 செப்டம்பர், லேக் பிளாசிட். நின்னார்.

வெளிவிளிம்பு:

பட்டியல் என்னோடது. பேரைச் சொல்லித் திட்டலாமே, என்ன கூச்சம்?

'<' பத்திப் பாடம் எடுத்தீங்க, '<<' பத்தி மட்டும் ஏன் வாயைத் திறக்கலை? அரைச் சுற்று, அதுக்கு மேல குறைஞ்சா '<<' போட்டு ஒரு படி இறக்கிடுவாங்க. அப்போ அது ட்ரிபிள் ஆக்சல் விலைக்குப் போயிருக்கும், 12.5 இல்லை, 8.0. பெய்ஜிங்ல இறக்கலை. தாள்ல குவாட் ஆக்சல்னுதான் பதிவாச்சு. ஒலிம்பிக் தாள்ல அந்தப் பேர் முதல்ல ஏறினது அவர் பேருக்கு எதிர்லதான். இதைத்தான் எழுதினேன்.

அப்புறம், அந்த ஒரு வரிக்குக் கீழே இன்னும் ஏழு காரணம் எழுதியிருந்தேன். 2014 சோச்சி, 2018 பியாங்சாங், ரெண்டு தங்கம். தனிநபர் ஆண்கள் பிரிவுல அடுத்தடுத்து ரெண்டு தங்கம் 1948, 1952ல பட்டனுக்கு அப்புறம் 66 வருஷம் யாருக்கும் வாய்க்கலை. 2015 பார்சிலோனா கிராண்ட் பிரி ஃபைனல்ல 330.43 புள்ளி. 2016ல முதல் குவாட் லூப். 2013ல இருந்து 2016 வரை நாலு கிராண்ட் பிரி ஃபைனல் தொடர்ச்சியா ஜெயிச்சார். இதுல ஒண்ணையும் தொடலை நீங்க.

பனிக்கத்தி:

தொடத் தேவையில்லை. அதெல்லாம் நடந்தது. குவாட் ஆக்சல் நடக்கலை. விழுந்தார்.

நான்குசுற்று:

ப்ரோ, மலினினை 5ல வச்சிருக்கிறதே பெரிய காமெடி. 2024 மாண்ட்ரியால் உலகப் போட்டி ஃப்ரீ ஸ்கேட்ல ஆறு குவாட், அதுல ஒண்ணு குவாட் ஆக்சல், 227.79. அந்த நாள்ல பக்கத்துல வர ஆளே இல்லை.

ஆக்சல் ஏன் கஷ்டம்னு தெரியாதவங்களுக்கு: மத்த அஞ்சு ஜம்ப்பும் (டோ லூப், லூப், சால்கோ, ஃபிளிப், லட்ஸ்) பின்னோக்கிப் போகும்போது எழும்புறது, ஆக்சல் ஒண்ணுதான் முன்னோக்கி. பின்னோக்கித்தான் இறங்கணும்கிறதால அரைச் சுற்று கூட. குவாட் ஆக்சல்னா நாலரை. காத்துல 0.70 விநாடி நிக்கணும்னா சுமார் 60 செ.மீ. எழும்பணும். 0.65 விநாடின்னா 52 செ.மீ. போதும். அந்த 0.05 விநாடிக்கு 8 செ.மீ. உயரம் விலை. உயரம் ஏத்த முடியாதுன்னா சுழல்ற வேகத்தை ஏத்தணும். கையை நெஞ்சோட இழுத்து, எடையை இடது பக்கத்துல இருந்து வலது பக்கத்துக்கு மாத்தி, கால் பின்னுறது எவ்வளவு சீக்கிரம் முடியுதோ அவ்வளவு சுற்று மிச்சம். மலினின் அதை எழும்பின கணமே முடிச்சிடறார். ஹன்யூவோட ஆக்சல் நீளமாப் போகும், பார்க்க அழகு, ஆனா அந்த நீளத்துக்குப் போன வேகம் உயரத்துக்கு வரலை. கால் சுற்று குறைஞ்சதுக்கு அதுதான் காரணம்.

வெளிவிளிம்பு:

சரியாத்தான் சொல்றீங்க, ஒண்ணை மறைச்சுட்டு. மலினின் ஆக்சலுக்கு முன்னாடி என்ன பண்றார்? பின்னோக்கி ஒரு நீண்ட கிளைடு, தோள் இறுக்கம், திரும்பி ஏறுவார். அந்தத் தயாரிப்பு நேரத்துல ஸ்கேட்டிங்னு ஒண்ணும் நடக்கலை. ஹன்யூ ட்ரிபிள் ஆக்சலுக்கு பேக் கவுண்டர்ல இருந்து நேரா ஏறுவார். கவுண்டர்னா வட்டத்துக்கு வெளிப்பக்கம் திரும்பியும் அதே எட்ஜ்ல (கத்தியோட விளிம்பு) நிக்கிறது. அந்தத் திருப்பத்துல தோள் ஒரு டிகிரி கூடத் திரும்பிட்டா ஆக்சலோட அச்சு சாஞ்சிடும். அதுல இருந்து எழும்பி, இறங்கின காலாலேயே ட்விசில் (ஒத்தைக் கால்ல நகர்ந்துகிட்டே சுழல்றது) போட்டு வெளியே வருவார். தர மதிப்பெண் விதிகள்ல "ஜம்ப்புக்கு முன் ஸ்டெப், எதிர்பாராத நுழைவு"ன்னு ஒரு வரி இருக்கு. அந்த வரிக்கு ஒரு படம் போடச் சொன்னா இதைத்தான் போடணும்.

சுற்றுகளை மட்டும் எண்ணணும்னா எதுக்கு பனி? டிராம்போலின் போட்டி நடத்தலாம்.

நான்குசுற்று:

டிராம்போலின்ல கத்தி கட்டிட்டு ஒத்தைக் கால்ல இறங்கிக் காட்டச் சொல்லுங்க உங்க ஆளை.

பனிக்கத்தி:

கவுண்டர், ட்விசில் எல்லாம் ட்ரிபிள் ஆக்சலுக்கு. கேள்வி குவாட் ஆக்சல் பத்தி. அதுக்குப் பின்னாடி ட்விசில் வரலை, ஏன்னா அவர் பனியில கிடந்தார்.

முன்னுதாரணம் வேணுமா? 1986 ஐரோப்பியப் போட்டியில செக்கோஸ்லோவாக்கியாவோட யோசெஃப் சபோவ்சிக் குவாட் டோ லூப் போட்டார். நின்னார். முதல்ல ஒத்துக்கிட்டாங்க, பிற்பாடு சும்மா இருந்த கால் பனியைத் தொட்டுடுச்சுன்னு ரத்து பண்ணினாங்க. அதனாலதான் முதல் குவாட்னு 1988 புடாபெஸ்ட்ல குர்ட் பிரவுனிங் பேர் நிக்குது. கால் தொட்டதுக்கே ரத்து. இங்கே மொத்த உடம்பும் தொட்டிருக்கு, "பதிவாச்சு"ன்னு சொல்றீங்க.

பழைய எட்டு:

அன்பர்கள் அனைவரும் 1990க்கு முன் இந்த விளையாட்டே இல்லாதது போலப் பேசுவது வியப்பாக இருக்கிறது. உல்ரிச் சால்கோ 10 உலகப் பட்டங்கள்: 1901 முதல் 1905 வரை, பிறகு 1907 முதல் 1911 வரை. 1908 லண்டன் ஒலிம்பிக் தங்கம். கில்லிஸ் கிராஃப்ஸ்ட்ரோம் 1920, 1924, 1928 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள், 1932இல் வெள்ளி. கார்ல் ஷேஃபர் 1930 முதல் 1936 வரை ஏழு உலகப் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். இவர்களில் ஒருவர்கூட ஐந்தில் இல்லை. நீங்கள் குதிக்கும் குதியில் ஒன்றுக்குச் சால்கோ என்றே பெயர் என்பதாவது நினைவிருக்கிறதா?

நான்குசுற்று:

1901 உலகப் போட்டியில மொத்தம் எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க ஐயா? நானே சொல்லிடறேன், ரெண்டு பேர். கடைசி இடம் வந்தாலும் வெள்ளி.

பழைய எட்டு:

வந்தவர்களை வென்றார். வராதவர்களை எப்படி வெல்வது?

மேலும், அன்று எதை வென்றார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கேலி செய்யுங்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் "ஃபிகர்" என்பது பனியில் வரையும் உருவம். வட்டத்தின் விட்டம் ஸ்கேட்டரின் உயரத்தைப் போலச் சுமார் மூன்று மடங்கு. ஒவ்வொரு காலிலும் மூன்று முறை, முதல் கோட்டின் மீதே அடுத்த கோடு விழ வேண்டும். வேகம் தர இன்னொரு கால் கிடையாது; தொடக்கத்தில் ஒரே தள்ளு, அதை வைத்து வட்டம் முழுவதும் வர வேண்டும். தொடக்கத் தள்ளில் இடுப்பு சற்றுத் திறந்துவிட்டால் வட்டம் பாதி வழியில் உப்பி முட்டையாகும். த்ரீ டர்னில் (ஒரே காலில் 3 வடிவில் திரும்புவது) எடை அரைக் கணம் பின்தங்கினால் முனையில் இரண்டு கோடுகள் சேர்ந்து விழும், எட்ஜ் மாறியது அங்கேயே எழுதிவைத்தது போலத் தெரியும். நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, கோட்டைப் பார்த்து மதிப்பெண் தருவார்கள். அதற்கெனத் தனிக் கத்தி: பள்ளம் ஆழமில்லாமல் தீட்டியது, கத்தி முனையிலுள்ள கீழ்ப் பல்லை, அதாவது கீழ் டோ பிக்கைத் தேய்த்து எடுத்தது. இல்லாவிட்டால் அது பனியைக் கீறி உருவத்தைக் கெடுக்கும்.

1968 வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். 1984 சரயேவோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். கனடாவின் பிரையன் ஓர்சர் ஷார்ட்டில் முதலிடம், ஃப்ரீயிலும் முதலிடம். அமெரிக்காவின் ஸ்காட் ஹாமில்டன் இரண்டிலும் இரண்டாமிடம். தங்கம் ஹாமில்டனுக்கு. ஃபிகர்ஸில் ஹாமில்டன் முதலிடம், ஓர்சர் ஏழாமிடம். ஃபிகர்ஸ், ஷார்ட், ஃப்ரீ இடங்களை முறையே 0.6, 0.4, 1.0 என்று பெருக்கிக் கூட்டினால் ஹாமில்டன் 3.4, ஓர்சர் 5.6. குறைந்தவர் வென்றார். எட்ஜ் தெரிந்தவனுக்குத் தங்கம்.

ஓரத்து இருக்கை:

ஒரு சின்ன கேள்வி. "சிறந்த"ன்னா என்ன அளவுகோல்? பட்டங்களா, கஷ்டமான ஜம்ப்பா, விளையாட்டை மாத்தினதா, கலையா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டா பாதிச் சண்டை தீர்ந்திடுமே. கலைக்குப் பேர் போன ஜான் கரி, டோலர் கிரான்ஸ்டன் பேரையே யாரும் எடுக்கலை. கிரான்ஸ்டன் உலகப் பட்டம் ஒண்ணும் ஜெயிக்கலை, ஆனா உடம்பை அவர் பயன்படுத்தின விதம் அடுத்து வந்த எத்தனையோ பேர்கிட்ட தெரியும்.

பனிக்கத்தி:

பழைய எட்டு ஐயா, கோடு போடறதுல ஜெயிச்சவங்களுக்குத் தனிப் பட்டியல் போட்டுக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? ஃபிகர்ஸ் காலத்துல இருந்து இந்தப் பட்டியல்ல நுழைஞ்ச ஒரே ஆள் பட்டன். அவரும் ஏன் நுழைஞ்சார்? வட்டம் போட்டதுக்காகவா? 1948 செயின்ட் மோரிட்ஸ்ல முதல் டபுள் ஆக்சல். 1952 ஆஸ்லோல முதல் ட்ரிபிள், ட்ரிபிள் லூப். திறந்தவெளிப் பனி, இப்போ இருக்கிற மாதிரி பூட்ஸும் இல்லை.

முக்கியமா, ரெண்டுலயும் நின்னார். எழுந்து நின்னு "பதிவாச்சு"ன்னு சொல்ல வேண்டிய நிலை வரலை.

வெளிவிளிம்பு:

எதை எடுத்தாலும் அங்கேயே வந்து நிக்கிறீங்க. தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்.

பெய்ஜிங்கையே எடுத்துக்குவோம், நீங்க விரும்புற இடம். ஷார்ட்ல குவாட் சால்கோ எழும்பும்போது கத்தி பனியில இருந்த ஒரு குழியில மாட்டினதா அவரே சொன்னார். ஜம்ப் சிங்கிளாச்சு. ஷார்ட்ல சிங்கிளுக்கு மதிப்பே கிடையாது, பூஜ்யம். 95.15ல நின்னார். அந்த நிலைமையில பதக்கம் வேணும்னா ஃப்ரீயில ட்ரிபிள் ஆக்சல் போட்டு நல்ல பிள்ளையா இருந்திருக்கலாம். அவர் குவாட் ஆக்சலுக்குப் போனார். ரெண்டு தங்கம் கையில இருக்கிற ஆள்.

பனிக்கத்தி:

உணர்ச்சி வேண்டாம், கணக்குப் போடுவோம். ஹன்யூ மொத்தம் 283.21, நாலாமிடம். மூணாமிடம் ஷோமா யூனோ 293.00. வித்தியாசம் 9.79. குவாட் ஆக்சலுக்குப் பதிலா ட்ரிபிள் ஆக்சல் போட்டு பிளஸ் 4 வாங்கியிருந்தா 11.2. கிடைச்சது 4. லாபம் 7.2. அப்பவும் பதக்கம் இல்லை. ஷார்ட்ல அந்த சால்கோவும் நின்னு இன்னொரு 13 வந்திருந்தா 303 பக்கம், வெண்கலம். ரெண்டாமிடம் ககியாமா 310.05, முதலிடம் சென் 332.60. தங்கம் எந்தக் கணக்குலயும் எட்டாது.

ஆக "தியாகம்"னு பாட்டுப் பாட வேண்டாம். இழக்கிறதுக்கு அங்கே பெருசா எதுவும் இல்லை. இருந்த ஒண்ணை முயற்சி பண்ணினார், விழுந்தார்.

ஆறுக்கு ஆறு:

இவ்வளவு நேரம் படிச்சேன், ரஷ்யாவோட அலெக்ஸி யாகுடின் பேர் ஒரு தடவைகூட வரலை. வெட்கமா இல்லை? 1998, 1999, 2000, 2002 நாலு உலகப் பட்டம். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக் ஃப்ரீ ஸ்கேட்ல நாலு நடுவர் முழு மதிப்பெண் 6.0 கொடுத்தாங்க. ட்ரிபிள் ஆக்சல், குவாட் டோ லூப், அதுக்குப் பின்னாடி ட்ரிபிள் டோ, டபுள் லூப், எதையும் தேட வேண்டியதில்லை, எல்லாம் இசைமேல விழும். அதே போட்டி ஷார்ட்ல குவாட் டோ லூப்ல விழுந்து தங்கத்தை விட்ட பிளஷென்கோ பட்டியல்ல நாலாவது! ஜெயிச்ச யாகுடின் வெளியே!

பிளஷென்கோ ஆளுங்க உடனே வான்கூவர் கதையை எடுத்துட்டு வருவீங்க, தெரியும்.

பனிக்கத்தி:

வான்கூவர் கதையா? போன தடவை இதே இடத்துல "குவாட் இல்லாம தங்கம் கொள்ளை"ன்னு நீங்கதான் நாப்பது பதில் போட்டீங்க. அன்னைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்றேன், இந்தத் தடவையாவது ஏறட்டும்.

2010. வான்கூவர் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின அமெரிக்காவோட லைசாசெக் 257.67, பிளஷென்கோ 256.36. வித்தியாசம் 1.31. ஷார்ட்ல பிளஷென்கோ 90.85, லைசாசெக் 90.30, அதாவது பிளஷென்கோ முன்னாடி. ஃப்ரீயில நிரலுக்கான மதிப்பெண் (கலை, ஸ்கேட்டிங் திறனுக்கு) ரெண்டு பேருக்கும் ஒரே 82.80. நடுவர்கள் யாருக்கும் கலைப் பாசம் காட்டலை. எல்லாம் ஜம்ப், சுழற்சி மாதிரி தனித்தனி அம்சங்களோட மதிப்பெண்லதான் நடந்துச்சு.

அன்னைக்கு குவாட் டோ லூப் 9.8, ட்ரிபிள் ஆக்சல் 8.2. ஒரு குவாட் கூடப் போட்டா 1.6 தான் அதிகம். அதே விதிகள்ல ரெண்டாம் பாதியில போடற ஜம்ப்புக்கு 10 சதவீதம் போனஸ். லைசாசெக் எட்டு ஜம்ப்ல அஞ்சை ரெண்டாம் பாதிக்குத் தள்ளினார். பிளஷென்கோ அஞ்சை முதல்லயே முடிச்சுட்டு மூணைத்தான் வச்சிருந்தார். அந்த போனஸ் வித்தியாசம் மட்டுமே ஒண்ணரைப் புள்ளியைத் தாண்டும். குவாட்ல சம்பாதிச்சதை வரிசை போட்ட விதத்துல விட்டார். அதுக்கு மேல ஆக்சல்ல அச்சு சாஞ்சு இறங்கினது, தர மதிப்பெண்ல குறைஞ்சுது.

யார் தப்பு? விதி புத்தகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

ஆறுக்கு ஆறு:

விதியே தப்புன்னுதானே சொல்றோம்! அடுத்த சீசனே குவாட் டோ லூப்பை 10.3க்கு ஏத்தினாங்க. ஏன் ஏத்தினாங்க? வான்கூவர்ல அசிங்கமாச்சுன்னுதான். 6.0 முறையா இருந்திருந்தா குவாட்-ட்ரிபிள் போட்டவனைத் தாண்டி குவாட்டே இல்லாதவனை வைக்க நடுவருக்கு முகம் இருந்திருக்காது.

பனிக்கத்தி:

6.0 முறையில நடுவர்களுக்கு எதுக்கெல்லாம் முகம் இருந்துச்சுன்னு சால்ட் லேக் ஜோடிப் பிரிவு நடுவர் ஊழல்ல உலகமே பார்த்துச்சு. அதனாலதான் அந்த முறையே போச்சு.

வெளிவிளிம்பு:

ஒரு நிமிஷம் பனிக்கத்தி. இப்போ மேலே என்ன எழுதினீங்க? "விதி புத்தகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்." தாள்ல என்ன இருக்கோ அதுதான் இறுதி. நல்லது. அப்போ பெய்ஜிங் தாள்ல "குவாட் ஆக்சல்"னு எழுதியிருக்கிறதும் இறுதிதானே? லைசாசெக்குக்குத் தாள் வேதம், ஹன்யூவுக்கு மட்டும் வீடியோவா? ஆளுக்கொரு நியாயமா?

பனிக்கத்தி:

தாள்ல '<'-உம் இருக்கு, மைனஸ் 5-உம் இருக்கு, அபராதமும் இருக்கு. நான் முழுத் தாளையும் படிக்கிறேன், நீங்க முதல் ரெண்டு வார்த்தையை மட்டும் படிக்கிறீங்க.

தொழில்நுட்பக் குழு எப்படி வேலை செய்யுதுன்னும் சொல்லிடறேன். அவங்களுக்கு ஒரே ஒரு கேமரா கோணம். இறங்கினது கால் சுற்றுக்குள்ளயா வெளியயான்னு மெதுவா ஓட்டிப் பார்க்கலாம். சந்தேகம் வந்தா பலன் ஸ்கேட்டருக்குத்தான், அப்படித்தான் வழிகாட்டியே சொல்லுது. அத்தனை சலுகையும் கொடுத்த பிறகும் '<' வந்துச்சு. அப்போ குறைஞ்சது சந்தேகத்துக்கு இடமில்லாம குறைஞ்சிருக்கு.

நான்குசுற்று:

அதே குழு எழும்பும்போது பனியிலயே திருகிக்கிறதை மட்டும் கண்டுக்கிறதே இல்லை. எழும்பும்போது ஏமாத்தினாரான்னு முடிவு பண்ண சாதாரண வேகத்துல மட்டும்தான் ரீப்ளே பார்க்கணும்னு விதி. டோ லூப்ல பாதிப் பேர் டோ பிக் குத்தின பிறகு அரைச் சுற்று பனியிலயே முடிச்சிட்டுத்தான் கிளம்பறாங்க. வேகமா ஓட்டினா யாருக்குத் தெரியும்?

வெளிவிளிம்பு:

அதை மலினின் ரசிகர் சொல்றது அழகு.

நான்குசுற்று:

அவர் லட்ஸ் எட்ஜைப் பாருங்க முதல்ல. வெளிப்பக்க எட்ஜ்ல கடைசி வரை நிக்கும். கிளம்புற நேரத்துல உள்பக்கம் சாயற லட்ஸ் போட்டே பட்டம் வாங்கினவங்க பேரைச் சொல்லட்டுமா? சொன்னா இங்கே பாதிப் பேர் அழுவீங்க.

அதோட, 2019 சைத்தாமா உலகப் போட்டி: சென் 323.42, ஹன்யூ 300.97. அதே வருஷம் டூரின் கிராண்ட் பிரி ஃபைனல்: சென் 335.30, ஹன்யூ 291.43. 2022 பெய்ஜிங்: சென் 332.60, ஹன்யூ 283.21. பெரிய மேடையில நேருக்கு நேர் மூணு தடவை, மூணும் சென். ஆனா பட்டியல்ல ஹன்யூவுக்கு 1, சென்னுக்கு 3. இது என்ன கணக்கு?

வெளிவிளிம்பு:

மூணு போட்டியைப் பொறுக்கி எடுத்தா யாரையும் யாருக்கும் மேல வைக்கலாம். 2018 பியாங்சாங்கை ஏன் விட்டீங்க? ஹன்யூ அதுக்கு மூணு மாசம் முன்னாடி குவாட் லட்ஸ் பயிற்சியில வலது கணுக்கால் போய், எந்தப் போட்டியிலும் இறங்காம நேரா ஒலிம்பிக் வந்தார். ஷார்ட் 111.68, மொத்தம் 317.85. சென் ஷார்ட்ல மூணு ஜம்ப்பும் கோட்டை விட்டு 82.27, 17ஆம் இடம். ஃப்ரீயில ஆறு குவாட் முயற்சி பண்ணி 215.08 எடுத்தும் அஞ்சாமிடம்தான் வர முடிஞ்சுது.

இன்னொண்ணு. 2018க்கு முன்னாடி ஸ்கோரையும் பின்னாடி ஸ்கோரையும் பக்கத்துல வைக்கிறவங்க கையைப் பிடிச்சு நிறுத்தணும். அந்த வருஷம் தர மதிப்பெண் பிளஸ் மைனஸ் 3ல இருந்து 5 ஆச்சு. ஃப்ரீ ஸ்கேட் நாலரை நிமிஷத்துல இருந்து நாலு, ஜம்ப் எட்டுல இருந்து ஏழு. குவாட் லட்ஸ் 13.6ல இருந்து 11.5, குவாட் ஆக்சல் 15.0ல இருந்து 12.5. பழைய சாதனை எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சு, பூஜ்யத்துல இருந்து ஆரம்பிச்சாங்க. 330.43 எட்டு ஜம்ப் தாள்ல வந்தது, 335.30 ஏழு ஜம்ப் தாள்ல வந்தது. ரெண்டும் வேற வேற அளவுகோல்.

நான்குசுற்று:

எட்டு ஜம்ப் போட்டும் 330, ஏழு ஜம்ப் போட்டு 335. நீங்களே என் வேலையைச் செஞ்சிட்டீங்க, நன்றி.

வெளிவிளிம்பு:

பிளஸ் 5 வந்ததைப் படிக்கவே இல்லையா? குவாட் லட்ஸ் ஒண்ணுக்கு இப்போ 17.25 வரை ஏறலாம். சும்மா எண்ணை மட்டும் எண்ணாதீங்க.

பழைய எட்டு:

1984 குறித்து நான் எழுதியதற்கு இதுவரை யாரும் மறுமொழி தரவில்லை. மறுக்க இயலாததால் என்று எடுத்துக்கொள்கிறேன். 1988 கால்கரியிலும் இதே கதைதான். ஓர்சரும், தங்கம் வென்ற அமெரிக்காவின் பிரையன் பாய்ட்டானோவும் ஃப்ரீ ஸ்கேட்டில் ஐந்துக்கு நான்கு என்று நடுவர்கள் பிரிந்தார்கள். ஃபிகர்ஸில் பாய்ட்டானோ இரண்டாமிடம், ஓர்சர் மூன்றாமிடம். ஷார்ட்டில் ஓர்சர் முந்தி அதைச் சமன் செய்யப் பார்த்தார், போதவில்லை.

ஆறுக்கு ஆறு:

ஐயா, ஃப்ரீயில ஓர்சர் ஜெயிச்சிருந்தா ஃபிகர்ஸ் என்ன ஆனாலும் அவருக்குத்தான் தங்கம். உங்க பெருக்கல் கணக்கையே போடுங்க: ஓர்சர் 1.8, 0.4, 1.0, மொத்தம் 3.2. பாய்ட்டானோ 1.2, 0.8, 2.0, மொத்தம் 4.0. அன்னைக்குத் தீர்மானிச்சது வட்டம் இல்லை, ஒரே ஒரு நடுவர்.

பழைய எட்டு:

அந்த ஒரு நடுவரின் கண்ணில் எட்ஜ் பட்டிருக்கும்.

பனிக்கத்தி:

எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டீங்க. நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது. பட்டியல்ல அந்த வரியைத் திருத்தறீங்களா, இல்லையா? "முயற்சி செய்தவர்"னு போட்டா நான் இடத்தைக் காலி பண்றேன். சோச்சி ஃப்ரீயில குவாட் சால்கோலயும் ட்ரிபிள் ஃபிளிப்லயும் விழுந்தும் தங்கம் வாங்கினார், அதைக்கூட நான் எழுப்பலை. வெள்ளி வாங்கின கனடாவோட பேட்ரிக் சான் அன்னைக்கு நின்னு ஸ்கேட் பண்ணியிருந்தா பேச்சே வேற.

வெளிவிளிம்பு:

சான்! வந்துட்டாரு. 2013 உலகப் போட்டி ஃப்ரீயில விழுந்து எழுந்து, டெனிஸ் டென்னைவிடக் கம்மியா ஸ்கேட் பண்ணி, ஷார்ட்ல வச்சிருந்த முன்னிலையைப் பிடிச்சுக்கிட்டு பட்டம் வாங்கினவரை வச்சு எனக்கு விழறது பத்திப் பாடமா? அந்த மனுஷனுக்கு விழுந்தாலும் நிரல் மதிப்பெண் இறங்காதுங்கிறது ஊரறிஞ்ச விஷயம்.

வரியைத் திருத்த மாட்டேன். தாள்ல இருக்கு.

பனிக்கத்தி:

சான் எட்ஜ் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. ரெண்டு தள்ளுல பாதி ரிங்க்கைக் கடக்கிறவர், சத்தமே வராம. ஆழமான எட்ஜ்ல கத்தி பனியை வெட்டணும், சுரண்டக் கூடாது. சுரண்டற சத்தம் வந்தா எட்ஜ் தட்டையா இருக்குன்னு அர்த்தம். சானோட ஸ்டெப் சீக்வென்ஸ்ல சத்தத்தை அணைச்சுட்டுப் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த நிரல் மதிப்பெண் சும்மா வரலை.

வெளிவிளிம்பு:

ஆஹா. இப்போ சுற்று எண்ணுறதை விட்டுட்டு எட்ஜுக்கு வந்துட்டீங்க. ஹன்யூவோட கவுண்டரைச் சொன்னப்போ "கேள்வி அது இல்லை"ன்னீங்களே?

பனிக்கத்தி:

கேள்வி அது இல்லைதான். கேள்வி குவாட் ஆக்சல்.

ஆறுக்கு ஆறு:

எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. லைசாசெக் ரெண்டாம் பாதியில போட்ட அஞ்சுல ஒண்ணு வெறும் டபுள் ஆக்சல். டபுள் ஆக்சலுக்கு 10 சதவீதம் போனஸ் வாங்கி, குவாட்-ட்ரிபிள் போட்டவனை முந்தறது ஸ்கேட்டிங்கா, கணக்கப்பிள்ளை வேலையா?

பனிக்கத்தி:

பிளஷென்கோவும் டபுள் ஆக்சலைக் கடைசியிலதான் வச்சிருந்தார். அதுக்கு அவரும் அதே 10 சதவீதம் வாங்கினார். புள்ளித்தாளை எடுத்துப் பார்த்துட்டு வாங்க.

ஆறுக்கு ஆறு:

பார்த்துட்டுத்தான் பேசறேன். நாப்பது பதில் போட்டவன் நான், மறந்துட்டீங்களா?